கடல்கடந்த கல்வியும் வறிய குடும்பங்களும்
திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பாடசாலைகள் நிறுவப்பட்ட ஆண்டுகளையும், அவற்றை நிறுவியோரின் பெயர்களையும், அங்கு பயின்று புகழ்பெற்றோரின் வரிசையையும் தருவது வழக்கம். அம்மாணாக்கரின் படிப்புச் செலவை யார் ஏற்றனர் என்னும் வினா அத்தகைய நூல்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெறினும், வள்ளல் ஒருவரின் பெயரோடு அது முடிந்துவிடுகிறது. உண்மையில், வறிய குடும்பத்துப் பிள்ளையொன்று உயர்கல்வியை எட்டுவதும் எட்டாமற் போவதும் பெரும்பாலும் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையையே பொறுத்துள்ளன. அப்பிள்ளை கடல்கடந்து பிறநாடு சென்று பயில விழையுமாயின், இவ்வினா மேலும் கடுமையடைகின்றது. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் மக்களின் பொருள்நிலையும்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகத் திருகோணமலை கருதப்படுகின்றது. ஆயினும் துறைமுகத்தின் பெருமை அங்கு வாழ்ந்த மக்களின் செல்வமாக மாறவில்லை. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய காலந்தொட்டு 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரையில் அது முதன்மையாகக் கடற்படைத் தளமாகவே விளங்கியது. 1885இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பணை நிறைவெய்தியபின், வணிகக் கப்பல்கள் கொழும்பையே நாடின. இதனாற் கொழும்பில் தோன்றியது போன்றதொரு வணிகச் செல்வர் வகுப்பு திருகோணமலையிற் பரந்த அளவில் உருவாகவில்லை. கடற்படைத் தளத்திற் கூலிக்கும் சிறு சம்பளத்துக்கும் உழைத்தோர், கரையோர மீனவர், தம்பலகாமத்திலும் கொட்டியாரத்திலும் நெல் விளைவித்தோர், அரசாங்கத்திற் சிற்றலுவல் பார்த்தோர் ஆகியோரே இப்பிரதேசத்தின் பெரும்பான்மையினர்.

இந்நிலையை யாழ்ப்பாணத்துடன் ஒப்புநோக்குதல் பயன்தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்து ஊருக்குப் பணம் அனுப்பினர். அப்பணம் வீடாகவும் காணியாகவும் மட்டுமன்றித் தம்பி தங்கையரின் கல்வியாகவும் மாறியது. திருகோணமலைக்கு அந்த அளவில் அத்தகைய வருவாய் வாய்க்கவில்லை. எனவே இங்குள்ள மாணாக்கனுக்கு வெளியிலிருந்து வரும் உதவியே வழியாயிற்று.

சென்னையை நோக்கிய பயணம்

இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் இல்லாத காலத்தில் உயர்கல்வி என்பதே கடல்கடந்த கல்விதான். 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தோர் யாழ்ப்பாணத்தவரான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். இங்கிலாந்துக்குச் செல்வதற்கான கப்பற் செலவும் அங்கு உறைவதற்கான செலவும் பெருஞ்செல்வர்க்கே இயன்றவையாயிருக்க, தமிழ் வழங்கும் சென்னை நடுத்தரக் குடும்பத்தார் ஓரளவு எட்டக்கூடிய இடமாக இருந்தது.

திருகோணமலையும் இவ்வழியிற் பங்குகொண்டது. அவ்வூரவரான த. கனகசுந்தரம்பிள்ளையும் அவர் உடன்பிறந்தாரான த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னை சென்று கற்றுப் பெயர்பெற்றோர். முன்னவர் தமிழிலக்கணப் புலமையாலும் பதிப்புப் பணியாலும் அறியப்பட்டார். பின்னவர் சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்திற் பணியாற்றியவர். 1895இல் அவர் வெளியிட்ட மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுகிறது. 1892இல் வெளிவந்த அவரது தத்தை விடு தூது பெண்களின் கல்வியையும் விடுதலையையும் வேண்டிய நூலாகும். அந்நூல் வெளிவந்து ஏறத்தாழ முப்பதாண்டுகளின் பின், 1923இல், தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் திருகோணமலையிற் பெண்களுக்கென ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தை நிறுவினார். ஊரை விட்டுச் சென்று கற்றோர் வேண்டியது ஊருக்குள் நிறுவனமாக உருப்பெறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் சென்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் சென்னைக்குச் செல்வதற்கும் ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது. கையில் ஓரளவு பணமும் வேண்டியிருந்தது. துறைமுகக் கூலியாளின் மகனுக்கு அவ்விரண்டும் இல்லை.

ஒருவர்க்கே திறந்த வாயில்

ஆங்கில அரசும் ஓர் உதவியை வழங்கியது. இலங்கை மாணாக்கரிடையே தேர்வு நடத்தி, முதன்மை பெறுபவரை அரச செலவில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் புலமைப்பரிசிலே அது. 1870இல் அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பின்னர் இலங்கையின் அரசியலிலும் நிருவாகத்திலும் பல்கலைக்கழக இயக்கத்திலும் ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. ஆயினும் இவ்வுதவி யாருக்குச் சென்றது என்பதை நோக்குதல் வேண்டும். அவர் கொழும்பின் செல்வாக்கு மிக்க குடும்பத்திற் பிறந்து, கொழும்பு அக்கடமியிற் கற்றவர்.

இது அவரது திறமையைக் குறைத்துக் கூறுவதாகாது. திறமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட உதவி, அத்திறமையை வளர்க்கத்தக்க பாடசாலையை முன்னரே பெற்றிருந்தவர்க்கே பெரும்பாலும் சேரும் என்பதையே இது காட்டுகின்றது. ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டும் வழங்கப்பட்ட பரிசிலுக்குக் கொழும்பின் முதன்மைக் கல்லூரிகளே களமாயின. கீழ்மாகாணத்துப் பிள்ளைக்கு அத்தேர்வில் உரிமை இருந்தது. ஆயத்தம் செய்யும் வாய்ப்பு அரிதாயிருந்தது.

வெளியே செல்ல இயலாதோர்க்கு இன்னொரு வழியும் இருந்தது. 1858ஆம் ஆண்டின் சாசனத்தின்படி இலண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளிற் பயிலாதோரும் தேர்வெழுதிப் பட்டம்பெற இடமளித்தது. ஊரிலிருந்தவாறே, பகலில் ஊழியஞ் செய்து இரவிற் கற்று, கடல்கடந்த பட்டத்தைப் பெறும் வழி இது. 1892இற் காரைதீவிற் பிறந்து, மயில்வாகனன் என்னும் பெயருடன் ஆசிரியப் பணிபுரிந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்ற சுவாமி விபுலானந்தர் இவ்வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். திருகோணமலையின் கல்வி வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு.

ஊரவர் பொருளும் துறவியரின் உழைப்பும்

திருகோணமலையில் ஆங்கிலக் கல்வியைக் கிறித்துவ மிசன்கள் முன்னின்று வளர்த்தன. சைவப் பெரியோரின் முயற்சியால் 1897இல் தோன்றிய பாடசாலை பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நிதி நெருக்கடி இத்தகைய ஊர்ப் பாடசாலைகள் யாவற்றையும் தொடர்ந்து வந்தது. அரசின் உதவி நன்கொடை மாணாக்கர் தொகையையும் தேர்ச்சியையும் பொறுத்தது; எஞ்சியதைக் கட்டணமும் ஊரவரின் நன்கொடையுமே ஈடுசெய்தன. 1925இல் இப்பாடசாலை இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. விபுலானந்தர் அதனை மேற்பார்வை செய்ததோடு சிலகாலம் அதிபராகவும் பணியாற்றினார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தையும் அவர் நிறுவினார்.

இம்முயற்சிகளின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரசின் பரிசில் ஆயிரவருள் ஒருவரைத் தெரிந்தெடுத்து ஏற்றியது. துறவியரின் பாடசாலையோ அத்தேர்வை எழுதுமளவுக்குப் பலரை ஒருங்கே உயர்த்த முயன்றது. வறிய மாணாக்கனுக்கு வேண்டிய முதலுதவி பல்கலைக்கழக வாயிலில் கிடைப்பதன்று. அது பத்தாண்டுகள் முன்னரே, தொடக்கப் பாடசாலையிற் கிடைக்கவேண்டியது என்னும் உண்மையை இவர்கள் உணர்ந்து செயற்பட்டனர் எனலாம்.

இலவசக் கல்வியும் அதன் எல்லையும்

இவ்வுண்மையை நாடு முழுவதற்குமான கொள்கையாக்கியவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரது தலைமையிலமைந்த கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாள் தொடக்கம் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. நாட்டுப்புறங்களில் மத்திய மகாவித்தியாலயங்கள் தோன்றின. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வாயிலாக வறிய கிராமத்துப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளில் தங்கிக் கற்கும் வாய்ப்பைப் பெற்றனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தமையால் உயர்கல்விக்குக் கடல்கடக்கவேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது.

கட்டணம் நீங்கியதாற் செலவு முற்றாக நீங்கிவிட்டதா என்பதே அடுத்த வினா. உணவு, உடை, உறைவிடம், பயணம் ஆகிய நான்கும் குடும்பத்தின் தலையிலேயே நின்றன. இவற்றினும் பெரிது, கணக்கேடுகளில் எழுதப்படாத ஒரு செலவு. பதினாறு அகவையில் வள்ளத்திலேறவோ துறைமுகத்தில் மூட்டை சுமக்கவோ தகுந்த பிள்ளை தொடர்ந்து படிக்குமாயின், அதன் உழைப்பால் வரக்கூடிய வருவாயைக் குடும்பம் இழக்கின்றது. இவ்விழப்பை எந்தப் புலமைப்பரிசிலும் முழுதாக ஈடுசெய்ததில்லை.

பயணம் என்பதும் இப்பிரதேசத்தில் எளிதன்று. குடாவும் களப்பும் ஊர்களைப் பிரிக்கின்றன. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அவ்வூர் மக்கள் நகரை அடையப் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள், பாலவேலை நடைபெற்றுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். இலவசக் கல்வி பெறுவதற்காகப் பாடசாலை சென்ற பிள்ளைகள் செலுத்திய விலையையும் கல்வி வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதி பற்றிய கொள்கைகளும் இங்கு குறிப்பிடத்தக்கன. 1971இற் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ்மொழி மூல மாணாக்கர்க்கு அநீதி இழைத்தது. அவர்தம் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் நாட்டின் அரசியலையே மாற்றியது. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தாரைப் பெரிதும் பாதித்தது. எனினும், வசதி குன்றிய மாவட்டங்களுக்கு அது சில இடங்களைத் திறந்தது என்பதையும் மறைத்தலாகாது. இன்றும் கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் பதினாறு மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. ஒரே கொள்கை ஒரே மொழி பேசுவோருள் ஒருசாரார்க்கு இழப்பாகவும் மற்றொருசாரார்க்கு வாய்ப்பாகவும் அமைந்தமை, இவ்விடயத்தை ஒற்றைப் பார்வையில் அளவிட இயலாது என்பதைப் புலப்படுத்தும்.

அரசுகளின் போட்டியும் மாணாக்கரின் வாய்ப்பும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வெளிநாட்டு உதவி புதிய வடிவெடுத்தது. 1950 சனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டம் 1951இற் செயற்படத் தொடங்கியது. 1959இல் ஒக்ஸ்போட் மாநாடு பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டத்தை வகுத்தது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டில் லுமும்பாவின் பெயரைப் பெற்றது. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மாணாக்கர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்ததோடு வாழ்க்கைச் செலவுக்கும் அது பணம் வழங்கியது. இலங்கையிலிருந்தும் பலர் அங்கு சென்று கற்றனர்.

இவ்வுதவிகளின் பின்னணியில் வல்லரசுகளின் போட்டி இருந்தமை வெளிப்படை. எனினும் வறிய மாணாக்கன் நோக்கில் இத்திட்டங்களிடையே முக்கியமான வேறுபாடொன்று உண்டு. கொழும்புத் திட்டத்தின் பயிற்சிகளுக்கு அரசாங்கமே ஆட்களைப் பெயர்குறித்து அனுப்பியது. ஆதலால் ஏற்கெனவே அரச சேவையில் இருந்தோரே பெரிதும் பயன்பெற்றனர். பொதுநலவாயப் பரிசில்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றோரை நோக்கியன. பாடசாலையை முடித்துப் பட்டப்படிப்பைத் தொடங்கவிருந்த வறிய இளைஞனுக்குப் பயணம் முதல் உறைவிடம் வரை யாவற்றையும் தந்தவை மிகச் சிலவே. இவ்வாறான வாய்ப்புகள் பற்றிய செய்தியோ கொழும்பிலேயே முதலில் பரவியது. அச்செய்தியை உரிய நாளில் அறிவதும் ஒருவகைச் செல்வமாகவே இருந்தது.

அகதியாகிய அயல்நாட்டு மாணாக்கன்

1983இன் வன்செயல்களும் அவற்றைத் தொடர்ந்த போரும் திருகோணமலை மாவட்டத்து மக்களை மீண்டும் பாக்குநீரிணைக்கு அப்பால் அனுப்பின. ஒரு நூற்றாண்டுக்கு முன் சரவணமுத்துப்பிள்ளை சென்ற அதே தமிழகத்துக்கு, இம்முறை மாணாக்கர் அகதிகளாகச் சென்றனர். அவர்கள் மொழியால் உறவினர், சட்டத்தாற் பிறநாட்டவர். இம்முரண்பாடே அவர்தம் உயர்கல்வியின் மையச் சிக்கலாயிற்று. பிறநாட்டு மாணாக்கர்க்குரிய கட்டணம் செல்வக் குடும்பங்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. முகாமில் உதவிப்பணத்தில் வாழும் குடும்பத்தின் பிள்ளையும் அச்சட்டத்தின் கண்ணில் பிறநாட்டு மாணாக்கனே.

1980களில் தமிழ்நாடு அரசு தொழிற்கல்லூரிகளில் அகதி மாணாக்கர்க்குச் சில இடங்களை ஒதுக்கியது. 1984இல் எஸ். சி. சந்திரகாசன் தலைமையில் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களிற் கல்வியைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. 1991இல் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் நிலைமை தலைகீழாயிற்று. வழங்கப்பட்டிருந்த வாய்ப்புகள் நிறுத்தப்பட்டன. 1996இல் ஆட்சி மாறியபின்னரே அவை மீளத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளிற் பதினெட்டு அகவையை எட்டியோர் இழந்ததை எவரும் திருப்பிக் கொடுக்க இயலாது. தாம் செய்யாத குற்றத்துக்காக ஒரு மாணாக்கர் தலைமுறை தண்டனை பெற்றது எனலாம்.

2021 ஓகஸ்ட் 27ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபா மதிப்பிலான திட்டத்தை அறிவித்தார். அதன்படி முகாம் மாணாக்கரின் ஆண்டுக் கல்வி உதவித்தொகை பல்தொழில்நுட்பப் படிப்புக்கு 2,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகவும், கலை அறிவியற் படிப்புக்கு 3,000 ரூபாவிலிருந்து 12,000 ரூபாவாகவும், தொழிற்படிப்புக்கு 5,000 ரூபாவிலிருந்து 20,000 ரூபாவாகவும் உயர்த்தப்படுமென அறிவிக்கப்பட்டது. பொறியியற் படிப்பிற்கு ஐம்பது மாணாக்கரின் கட்டணத்தை ஏற்பதும் அதில் அடங்கும். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஆணையொன்றால் வழங்கப்படுவது ஆணையொன்றாலேயே நீக்கப்படவும் கூடும் என்பதை 1991ஆம் ஆண்டு கற்பித்தது. சட்டவுரிமையாகாத உதவி நிலையற்றது.

இன்றைய நிலை

உள்நாட்டிற் கற்போர்க்கு 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் கைகொடுத்து வருகிறது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதன் மாதாந்தக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாகவும் உயர்த்தியது. 2001 முதற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இயங்குவதால் ஊரிலிருந்தே பட்டம் பெறவும் வழியேற்பட்டுள்ளது.

வெளிநாடு செல்ல விழைவோர்க்கு இந்திய அரசின் நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில்கள் போன்றன உள்ளன. மேனாட்டில் வழிகள் பலவாயினும் அவற்றின் இயல்பை நன்கறிதல் வேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் பெறுவதில்லை. ஆனால் அனுமதி விசாவுக்கு, 2024இன் பிற்பகுதியிலிருந்து, ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் வைத்துக் காட்டுதல் பொதுவான நடைமுறையாகவுள்ளது. கட்டணமில்லாக் கல்வியும் பணம் படைத்தவனுக்கே எட்டும் விந்தை இது. அமெரிக்காவில் ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் முதலிய சில நிறுவனங்கள் பிறநாட்டு மாணாக்கரையும் பொருள்நிலை பாராது தெரிந்து, தெரிவானபின் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. ஏனைய பலவற்றில் உதவி கோருவதே அனுமதி வாய்ப்பைக் குறைக்கக்கூடும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் சில வாரங்களில் ஏறத்தாழ 360 ரூபாவாகியது. பல்லாண்டுச் சேமிப்பின் பெறுமதி இவ்வாறு சரிந்தபின், முழு உதவியின்றி வெளிநாட்டுக் கல்வி என்பது வறிய குடும்பத்துக்குக் கடன்சுமையாகவே முடியும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வறிய மாணாக்கனைத் தடுப்பது கட்டணம் மட்டுமன்று. தேர்வுக் கட்டணம், மொழித்தேர்ச்சி, பயணம், பிணை, குடும்பம் இழக்கும் உழைப்பு ஆகிய சிறியனவும் பெரியனவுமான செலவுகள் கட்டணத்துக்கு முன்னரே அவனை நிறுத்திவிடுகின்றன. இரண்டாவது, திறமையை மட்டும் அளக்கும் பரிசில் பெரும்பாலும் வசதியுடையோரையே சென்றடையும். 1870இற் கண்ட இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. மூன்றாவது, கொடுப்போரின் அரசியலைச் சார்ந்த உதவி அவ்வரசியல் மாறுகையில் மறைந்துபோகும்.

இவற்றுள் முதலாவதைக் களைவது ஊரவரால் இயலக்கூடியது. பேரரசுகள் தரும் முழுப் பரிசிலைத் திருகோணமலையால் உருவாக்க இயலாது. ஆனால் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஏற்கும் ஒரு சிறு பொதுநிதியை மூவின மாணாக்கர்க்கும் பொதுவாக அமைத்தல் இயலும். விண்ணப்ப நாட்களையும் நிபந்தனைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் உரிய காலத்தில் மூதூருக்கும் குச்சவெளிக்கும் சேர்ப்பித்தல் பல்கலைக்கழக மாணாக்கராலும் விரிவுரையாளராலும் இயலும். 1897இல் ஊரவர் பாடசாலை அமைத்தபோதும், 1925இல் துறவியர் அதனைப் பொறுப்பேற்றபோதும், அவர்களிடம் பெருநிதி இருக்கவில்லை. தேவை எந்த இடத்தில் உள்ளதென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவைத் தொடர்ந்து பேணுதல் இன்று கற்றோரின் கடமையாகும்.